குடிக்காதவர் வீடு

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் கேட்டால் இன்றும் எனக்கு நான் வளர்ந்த நெசவாளர் ஊரான நகரி ஞாபகம்தான். அங்கே அடுத்த வீட்டு மணி மாமா தறிக் கூலியெல்லாம் குடித்துவிடுவார். அத்தை நூல் சுற்றிய காசில்தான் குடும்பம் நடந்தது. “குடிய வுட்டா வூடு நெறையும்” என்று பெண்கள் திரண்டு சாராயக் கடையை மூடவைத்தார்கள். மாமா குடியை விட்டார். சில மாதத்தில் அங்கே குக்கர் வந்தது. அவர் மகள் செல்விக்கு வெள்ளிக் கொலுசு வந்தது.

அதே கூலி வாங்கிய என் அப்பா குடித்ததே இல்லை. எங்களுக்குப் புதிதாக ஒன்றும் வரவில்லை.

பொறாமை தாங்காமல் சொன்னேன்: “நைனா, நீயும் கொஞ்ச நாள் குடிச்சிட்டு வுட்டுடேன்.”

அம்மா கை ஓங்கினாள். அப்பா தடுத்தார்.

“கொழந்தைய ஏன் அடிக்கிற? எனக்கே வவுறு எரிஞ்சிக்கினு கீது.”

அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.