கிளை கழிக்கும் நாள்

என் அக்காவின் வீட்டில் துணி காயப்போட இடம் கிடையாது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் காப்பிச் செடி முகத்தில் இடிக்கும். குளியலறைக்குப் பின்னால் பாக்கு, அதை ஒட்டி வாழை, கிணற்றடியில் பலா. நடுநடுவே நிழலுக்கென்று வளர்த்த உயரமான மரங்கள், ஒவ்வொன்றிலும் கட்டிப்பிடித்து ஏறிய மிளகுக் கொடி. வீட்டைத் தோட்டத்துக்குள் கட்டினார்களா, தோட்டம் வீட்டுக்குள் புகுந்துவிட்டதா என்று நான் கேலி செய்வேன். "உன் வாய அடைக்கத்தான் இன்னும் ஒரு மரம் நடணும்" என்பாள்.

வாழை வாரச் செலவைப் பார்த்துக்கொள்ளும். பாக்கும் காப்பியும் பிள்ளைகளின் படிப்புக்குக் கைகொடுக்கும். மற்றதெல்லாம் மிளகின் தலையில்தான். மிளகு விளைந்தால் மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், வீட்டில் இருப்பார். விளையாவிட்டால் நகரத்துக்குப் போய் யாருடைய அடுக்குமாடிக் கட்டடத்துக்கோ வாட்ச்மேனாக வாசலில் உட்கார்ந்திருப்பார். பல வருஷம் அப்படி உட்கார்ந்து முதுகைக் கெடுத்துக்கொண்டு, "இனிமே எங்கயும் போகமாட்டேன்" என்று பெட்டியைப் பரணில் தூக்கிப் போட்ட மனுஷன் அவர்.

மிளகில் ஒரு சூட்சுமம் உண்டு. கோடையில் கொடிக்கு நிழல் வேண்டும். மழை தொடங்கியதும் அதே கொடிக்கு வெளிச்சம் வேண்டும். நனைந்த கொடியில் வெளிச்சம் பட்டால்தான் பூச்சரம் விடும். அதனால் மழைக்கு நாலைந்து நாள் முன்னால் நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்துவிட வேண்டும். அந்த நாளைச் சொல்வது அக்காவின் வேலை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, மதியப் புழுக்கம் எப்படி என்று பின்வாசலில் நின்று பார்ப்பாள். பிறகு மரம் ஏறுகிறவருக்கு ஆள் அனுப்புவாள். ஏணியே வைக்காமல் ஏறுவதால் அவருக்கு ஏணி என்றே பெயராகிவிட்டது. ஏணி வந்து போன வாரமே மழை வரும். அக்கம்பக்கத்தார் எங்கள் அக்கா வீட்டு அரிவாள் சத்தத்தைக் கேட்டுத்தான் தங்கள் மரத்தில் கைவைப்பார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. இருக்கட்டுமே, பெருமைப்பட வேறு என்ன இருந்தது அவளுக்கு?

மாமா வந்து சேர்ந்த வருஷமே கணக்கு தப்பியது. மழை சொல்லாமல் கொள்ளாமல் முன்னாலேயே கொட்டிவிட்டது. வழுக்குகிற மரத்தில் ஏணி ஏற மறுத்தார். நியாயம்தான், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. கிளை கழிக்காத இருட்டில் கொடியெல்லாம் இலையாகப் பெருகியது, சரம் மட்டும் பேருக்கு. பார்க்கிறவர்கள் "என்ன செழிப்பு!" என்றார்கள். எனக்கு அவர்களை அறையலாம்போல இருந்தது.

அடுத்த வருஷம் அக்கா முந்திக்கொண்டாள். மேகம் திரண்டது, செல்போனும் மழைப் படம் காட்டியது, ஏணி எல்லா மரத்தையும் மொட்டையடித்துவிட்டுப் போனார். மேகம் அப்படியே கலைந்துபோனது. அதற்கப்புறம் அடித்ததுதான் வெயில். மிளகு இலைகள் ஓரம் கருகி உதிர்ந்தன. வெட்டிப்போட்ட கிளைகளையே பொறுக்கி வந்து கொடிகளின்மேல் சாய்த்துக் கட்டினாள் அக்கா. ஓலை கட்டினாள், கடைசியில் பழைய புடவைகளையும் கட்டினாள். கிணறு தரைதட்டிவிட்டது.

"விட்டுடுக்கா" என்றேன்.

"நீ போய் உன் வண்டியப் பாரு" என்றாள். நான் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். போய்விட்டேன். நான் போனதும் அழுதிருப்பாள்.

விவசாய அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். வீட்டைச் சுற்றிப் பலவகை மரம் வையுங்கள், ஒன்று போனால் ஒன்று கைகொடுக்கும் என்றார்கள். அக்கா எழுந்து நின்றாள். "மரம் வெச்சாச்சு. எப்ப கிளை வெட்டணும்னு சொல்லுங்க."

அந்த அதிகாரி நல்ல பெண். மழுப்பவில்லை. "முன்ன மாதிரி எங்களாலயும் உறுதியா சொல்ல முடியலம்மா. எல்லாத்தையும் ஒரே நாள்ல வெட்டாதீங்க. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

மாமா பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். "ஒரே ஒரு வருஷம். மிளகு நல்லா வந்துட்டா நானும் வந்துடுறேன்" என்றார். பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். வழி முழுக்க முதுகைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

இந்த வருஷம் மேகம் கூடியதும் ஏணி அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு தானாகவே வந்து நின்றார். "வெட்டலாமாம்மா?"

அக்கா வானத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை. "கிணத்துப் பக்கம் இருக்கிறத இப்ப கழிச்சுடுங்க. இந்தப் பக்கம், மழை விழுந்து மரம் கொஞ்சம் காய்ஞ்சப்புறம்."

"எப்படியும் ஏதாவது ஒரு பக்கம் வீணாத்தானே போகும்?"

"போகட்டும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "உனக்குத் தெரியாததாக்கா? நல்லாப் பார்த்து ஒரு நாளச் சொல்லு. முழுசா வெட்டிடலாம்."

"தெரிஞ்சதெல்லாம் போச்சுடா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "இந்தத் தடவையும் முழுசாப் போனா தோட்டத்தையே வித்துட வேண்டியதுதான். பாதி வந்தா தோட்டமாவது நிக்கும்."

"பாதி வந்தா மாமா எப்படி வருவாரு?"

அவள் விழுகிற கிளைகளை ஒதுக்கப் போய்விட்டாள்.

சாயங்காலம் மாமா போன் செய்தார். அக்கா போனை அரிசி டின்மேல் வைத்துவிட்டுப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"மரம் கழிச்சாச்சா?"

"பாதி."

அந்தப் பக்கம் கேட் திறக்கிற சத்தம் கேட்டது, யாருடைய காரோ உள்ளே போனது. ஏன் பாதி என்று அவர் கேட்பார், நாமும் ரெண்டு வார்த்தை சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

"சரி" என்றார். "அப்ப என் கம்பளிய யார்கிட்டயாவது குடுத்தனுப்பு. அடுத்த குளிருக்கும் நான் இங்கதானே."