சுவரில் ஒட்டிய என் பதில்

என் வாயாலேயே நான் மாட்டிக்கொண்டேன். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. கோவை கணபதிப் பகுதியில் பெண் பிள்ளைகள் இல்லம் ஒன்றில் இருந்தேன். ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்த வாரம், என்னை அழைத்துப்போகத் தாய்மாமா மனு கொடுத்தார். அம்மா இறந்தபின் சூலூர்ப் பக்கம் அவர் வீட்டில்தான் இரண்டு வருடம் இருந்தேன். அவர் என்னை அடித்ததில்லை. வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போவார். ஜன்னலை ஒட்டித் தறிக்கூடம். தறி ஓடும்போது உள்ளிருந்து கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். பிறகு என்னை இல்லத்தில் சேர்த்தபோது, கோப்பில் காரணமாக ‘படிப்பு நின்றது’ என்று மட்டும் எழுதினார்கள். பூட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எங்களைப் பற்றி முடிவெடுக்கும் குழுவிலிருந்து ஒரு அம்மா வந்தார். அலுவலக அறையில், மாமாவும் வார்டனும் பக்கத்தில் நிற்க, “மாமா ஊட்டுக்குப் போறயா அம்மணி?” என்று அன்பாகத்தான் கேட்டார்.

“சரிங்க” என்றேன்.

எங்களுக்கு அதுதான் பழக்கம். பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட வருகிறவர்கள் எது கேட்டாலும், வரிசையில் நின்று ஒரே குரலில் “சரிங்க” என்போம். மூன்று வருடப் பழக்கம் என்னை முந்திக்கொண்டது. அந்த அம்மா குறித்துக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை போகலாம் என்றார்.

அன்று இரவே வார்டனிடம் போனேன்.

“நீதான கண்ணு சரின்னே? இப்ப மாத்திப் பேசுனா என்னையத்தான் கேப்பாங்க” என்றார். அவர் கெட்டவர் அல்ல. முப்பது பிள்ளைகளை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துணி காயும் இடத்தில் முழங்காலிட்டேன். மாமாவின் பைக் வழியில் நின்றுபோக வேண்டும் என்று ஜெபித்தேன். எனக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று ஜெபித்தேன். வரவில்லை. வெள்ளிக்கிழமை கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை. “ஆண்டவரே, யாராவது என்னை இன்னொரு தடவை கேக்கட்டும்” என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை, பீளமேட்டில் படிக்கும் ஒரு கல்லூரி மாணவி சார்ட் பேப்பரோடு வந்தார். பிள்ளைகளே எழுதி வரையும் சுவர்ப் பத்திரிகை போடலாம் என்றார். ஒரே நிபந்தனை: எழுதியவளைக் கேட்காமல் ஒரு வார்த்தையையும் திருத்தக் கூடாது. பூ வரைவார்கள் என்று நினைத்து வார்டன் தலையாட்டினார்.

மற்றவர்கள் மயில் வரைந்தார்கள். நான் ஒரு கதவும் வெளிப்பக்கம் பூட்டும் வரைந்தேன். ‘நான்’ என்று எழுதக் கை வரவில்லை. செய்தி போல எழுத வந்தது.

“சூலூர் அருகே ஒரு வீட்டில் மாணவி ஒருவர் இரண்டு வருடம் பகலில் பூட்டி வைக்கப்பட்டார். அங்கே திரும்பிப் போகச் சம்மதமா என்று கேட்டபோது ‘சரிங்க’ என்றார். அவருக்குச் சம்மதம் இல்லை.”

வார்டன் படித்தார். தாளின் ஓரத்தைப் பிடித்தார். கிழித்துவிடுவார் என்று நினைத்தேன்.

“இது நீயா கண்ணு?”

“நானுங்க.”

கையை எடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை அந்த அம்மா வந்ததும், வார்டன் அவரை அலுவலக அறைக்குக் கூட்டிப்போகவில்லை. “பிள்ளைக பத்திரிகை போட்டிருக்காங்க, பாத்துட்டு வாங்க” என்று ஹாலுக்கு அழைத்துவந்தார். அந்த அம்மா இரண்டு முறை படித்தார். மாமா வராண்டாவில் சாவியோடு நின்றிருந்தார். அந்த அம்மா எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

“இப்பத்தான் கேக்கறேன். போறயா?”

அவரைப் பார்த்துச் சொன்னேன். “இல்லைங்க.”

மாமா தனியாகப் போனார். பைக் முதல் உதையிலேயே கிளம்பியது.

நான் கேட்ட எதையும் தேவன் தரவில்லை, கடைசியாகக் கேட்ட ஒன்றைத் தவிர. அது போதுமானதாக இருந்தது. நன்றியோடு இதை எழுதுகிறேன். இன்று ஒரு நாளிதழில் வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில் அதே ஹாலில் சார்ட் பேப்பரோடு உட்காருகிறேன். நிபந்தனை மாறவில்லை.

பூட்டிய கதவுக்குள்ளிருந்து இதை யாராவது படித்தால், கேட்பதை நிறுத்தாதீர்கள். தறிச் சத்தத்திலும் ஆண்டவருக்குக் கேட்கிறது. இல்லங்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர்களே, ஒரு பிள்ளை “சரிங்க” என்றால் தனியாக இன்னொரு தடவை கேளுங்கள். அந்தக் கேள்விக்காக அவள் ஜெபித்துக்கொண்டிருக்கலாம்.