‘வெளிநாட்டுக்காரி’ என்று எழுதி வாங்க மரக்காணம் போனேன்

மரக்காணம் உப்பளத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் படம் எடுக்கப் போவார்கள். நான் போனது ஒரு வாக்குமூலம் வாங்க. "இந்தப் பெண் வெளிநாட்டுக்காரி, என் வீட்டில்தான் குடியிருக்கிறாள்" என்று என் வீட்டு உரிமையாளர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். போன மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்குள் அது நடக்காவிட்டால் என் விசா நீட்டிப்பு நிராகரிக்கப்படும், நான் நாட்டை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்று மின்னஞ்சல் வந்திருந்தது.

இந்தியாவில் குடித்தனம் நடத்தும் வெளிநாட்டுத் தமிழர்கள் நிறையப் பேர் இந்த வலைப்பூவைப் படிக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படம் எதுவும் இல்லை, மன்னிக்கவும். அன்று படமெடுக்கும் நிலையில் நான் இல்லை.

முதலில் என்னைப் பற்றி. பிறந்து வளர்ந்தது மலேசியா, கிள்ளான். கணவர் குமரனுக்குக் கிளியனூர். கல்யாணமாகி இந்தியாவுக்கு வந்து, இப்போது குயிலாப்பாளையத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மகன் இனியன் இங்கேதான் பிறந்தான். ஒன்றேகால் வயது, இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான். அவன் இந்தியக் குடிமகன். ஆனால் அவனுக்கு எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இன்னும் எடுக்கவில்லை. ஆக, நான் போக வேண்டி வந்தால் தனியாகத்தான் போக வேண்டும். இதை நினைத்து நான்கு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிரச்சினை எங்கே வந்தது என்று சொல்கிறேன். விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்தால், நாம் சொன்ன முகவரியில் இருக்கிறோமா என்று போலீஸ் விசாரிக்கும். விசாரிக்க வந்த நேரம் நான் இனியனுக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தேன். வாசலில் நின்றவர் வீட்டுக்காரர் ஏழுமலை. "வெளிநாட்டுக்காரங்க யாராச்சும் குடியிருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். மனுஷன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அப்பிடி யாரும் இல்லீங்க, மாடியில இருக்கறது எங்க அக்கா பொண்ணு" என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்கு நல்லது செய்ததாக நினைப்பு! போலீஸ் என்று வந்தால் வீட்டுப் பெண்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான் அவருடைய சட்டம். குயிலாப்பாளையத்தில் வெளிநாட்டுக்காரர் என்றால் வெள்ளைத்தோல். புடவை கட்டிக்கொண்டு, தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, மீன்காரியிடம் பேரம் பேசுகிறவள் எப்படி வெளிநாட்டுக்காரி ஆவாள்? "அந்த முகவரியில் வெளிநாட்டவர் எவரும் இல்லை" என்று அறிக்கை போய்விட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் காவல் நிலையத்துக்குப் போனேன். எஸ்.ஐ. கண்டிப்பானவர், ஆனால் காது கொடுத்துக் கேட்டார். "வீட்டுக்காரரை நேர்ல கூட்டிட்டு வாங்கம்மா. நான் பதிவு பண்ணி நாளைக்கே மேல அனுப்பிடறேன். ஒரு மணிக்கு மேல வந்தா நான் இருக்க மாட்டேன், மாசி மகம் பந்தோபஸ்து" என்றார். ஏழுமலை மாமாவோ உப்பு சீசன் தொடங்கியதால் மரக்காணத்திலுள்ள தன் உப்பளத்தில் இருந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சென்னையில் வேலையிலிருந்த குமரனைக் கூப்பிட்டேன். "டென்ஷன் ஆவாத, பாத்துக்கலாம்" என்றார். இந்தப் 'பாத்துக்கலாம்' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர் என் கையில் கிடைத்தால் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன்.

குயிலாப்பாளையத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மூன்று கிலோமீட்டருக்குள்தான், ஆட்டோவுக்கு நூறு ரூபாய். அங்கிருந்து மரக்காணத்துக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். காலை ஏழரைக்கு இனியனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு சென்னைப் பேருந்துகள் நிற்காமல் பறந்தன. மரக்காணத்தில் இறங்குகிறவர்களை ஏற்றினால் சென்னை சீட்டு வீணாகிவிடுமாம். மூன்றாவது நின்றது. டிக்கெட் நாற்பது ரூபாய். காலாப்பட்டில் அரை மணி நேரம் நெரிசல். அந்த அரை மணியில் நான் நகத்தையெல்லாம் கடித்து முடித்துவிட்டேன். பக்கத்து சீட்டு அம்மா, "ஏம்மா, புள்ளைக்கு எதுனா குடுத்தியா, நீ சாப்ட்டியா?" என்று கேட்டார். "இன்னும் பசியாறலீங்க" என்றேன். "எந்த ஊரும்மா நீ?" என்று உடனே கேட்டுவிட்டார். சாப்பிடுவதைப் 'பசியாறுவது' என்பது எங்கள் மலேசியப் பேச்சு. பார்த்தீர்களா, ஒரு வார்த்தையில் இவருக்குத் தெரிகிறது!

மரக்காணம் நெருங்கும்போது இடதுபுறம் உப்பளப் பாத்திகள் தொடங்கிவிடும். வெயிலில் கண் கூசும். பேருந்து நிலையத்தில் இறங்கி ஆட்டோ பேசினேன். உப்பளத்துக்குப் போய், காத்திருந்து, ஆளை ஏற்றிக்கொண்டு எங்கள் பக்கத்துக் காவல் நிலையம் வரைக்கும் ஆயிரத்து இருநூறு கேட்டார். பேரம் பேச நேரமில்லை.

"யாரப் பாக்கணும்?"

"ஏழுமலைன்னு, உப்பளம் வச்சிருக்கார். குயிலாப்பாளையத்துல வீடு."

"அவரா? இன்னிக்கி மொத உப்பு வாருறாங்களே! இன்னிக்கி எங்கியும் நகர மாட்டாரும்மா" என்றார் ஆட்டோக்காரர்.

அவர் சொன்னது சரிதான். மண் வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். பெண்களும் ஆண்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர், நீண்ட கழியில் மாட்டிய பலகையால் உப்பை இழுத்து வரப்பில் குவித்துக்கொண்டிருந்தார்கள். விடிவதற்கு முன்பே தொடங்கிய வேலை. குவியலுக்கு மஞ்சள் தெளித்து, பூ வைத்து, கற்பூரம் ஏற்றத் தயாராக நின்றார் ஏழுமலை மாமா. மாமா என்று கூப்பிடச் சொன்னதே அவர்தான். குடிவந்த முதல் நாள், "சார் மோர்னுலாம் வேணாம், மாமான்னு கூப்புடு" என்றார்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது பாருங்கள், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "யம்மா, நல்ல நேரத்துக்கு வந்த! எனக்கு ரெண்டும் பசங்க. மொத உப்ப வூட்டுப் பொண்ணுதான் வாங்கணும். வருசா வருசம் தங்கச்சி வரும், இந்த வருசம் அதுக்கு கால் முடியல. நீயே வாங்கு" என்றார். நான் சொல்ல வந்ததைச் சொல்லவிடவில்லை. உப்பைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பது உங்களுக்கும் தெரியும். அதனால் முறத்தில் போட்டு நீட்டினார். இனியனை ஒரு கையிலும் முறத்தை ஒரு கையிலுமாக வாங்கினேன். வேலை செய்த பெண்கள் குலவை போட்டார்கள்.

முறத்தில் வாங்கியும் சண்டை வந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் இறுகியது.

"போலீஸ்கிட்ட பொய் சொன்னேன்னு நானே போயி எழுதித் தரணுமா?"

"ஆமா மாமா. ஒரு மணிக்குள்ள."

"நல்லா இருக்குதே! பெரியவன் கவர்மெண்ட் வேலைக்கு எழுதியிருக்கான். எம் மேல கேஸ் போட்டா அவன் பொழப்பு என்னாவறது? வெளிநாட்டு ஆள வச்சிருந்தேன், சொல்லாம மறைச்சேன்னு போலீஸ்காரன் சொல்ல மாட்டானா?"

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. வெளிநாட்டவரைக் குடிவைக்கிறவர் 'சி' படிவத்தை இணையத்தில் பதிய வேண்டும். குடிவந்ததிலிருந்து நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவர் "செய்யறேம்மா, செய்யறேம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணு பண்ணலாம். அன்னிக்கி நீ மலேசியா போயிருந்தன்னு சொல்லிடு. அதான் ஆளு இல்லன்னு சொன்னேன்னு நானும் சொல்லிடறேன்" என்றார்.

"போயிருந்தா பாஸ்போர்ட்டுல முத்திரை இருக்கணுமே! ஒரு பொய்க்கே இந்தப் பாடு, இன்னொண்ணா?" கத்திவிட்டேன். வேலை செய்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஆட்டோக்காரர் தூரத்திலிருந்து ஹாரன் அடித்தார். மணி பதினொன்று தாண்டிவிட்டது. இனியன் வெயிலில் வீறிட்டு அழ ஆரம்பித்தான்.

மாமா அவனைத் தன் தோளில் வாங்கிப் போட்டுக்கொண்டு, குரலைத் தணித்துச் சொன்னார்: "இப்ப என்னா குடி முழுகிப் போச்சி? ஆவலன்னா புள்ளைய எடுத்துக்கிட்டு அம்மா வூட்டுல நாலு மாசம் இருந்துட்டு வா. நானே ஏர்போர்ட்டுக்கு வண்டி வைக்கறேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இவருக்கு விஷயமே தெரியாது. "இவனுக்கு பாஸ்போர்ட்டு இல்ல மாமா. இவன எடுத்துக்கிட்டுப் போக முடியாது. நான் அங்க, இவன் இங்க. எத்தன மாசம்னு எனக்கே தெரியாது" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

தோளில் கிடந்தவனை ஒரு முறை பார்த்தார். "பால் குடிக்கிற புள்ளைய வுட்டுட்டா?" என்றார். கற்பூரத்தைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்து, "நீ ஏத்துப்பா" என்று சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோவை நோக்கி நடந்தார். முதல் உப்புக்குக் கற்பூரம் ஏற்றாமல் போகிறாரே என்று பெண்கள் வாயில் கைவைத்துக்கொண்டார்கள்.

திரும்பும் வழியைப் பற்றி எழுத எதுவும் இல்லை. கூனிமேட்டில் ஒரு லாரி குறுக்கே நின்றதும், ஆட்டோக்காரர் அதற்குப் போட்ட வசவும்தான் நினைவிருக்கிறது. நிலையத்தில் இறங்கியபோது மணி பன்னிரண்டு நாற்பது. எஸ்.ஐ. தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் உட்கார்ந்தார்.

"இவங்க யாரு உங்களுக்கு?"

"என் வூட்டுல குடியிருக்கறவங்க. மலேசியா."

"சொந்தமா?"

"இல்லீங்க."

"அப்ப எதுக்குய்யா அக்கா பொண்ணுன்னு சொன்ன?"

"அப்பிடி நெனச்சித்தாங்க சொன்னேன்."

எழுதிக்கொண்டிருந்த காவலர் ஒரு தாளை நீட்டினார். மாமா பேனாவை வாங்கிக்கொண்டு, எங்கே போடுவது என்று தேடினார். "இங்க போடுங்க மாமா" என்று இடத்தைக் காட்டினேன். பழக்க தோஷம்! எஸ்.ஐ. தலையை நிமிர்த்தினார்.

"மாமாவா? ஏம்மா, சொந்தம் இல்லன்றாரு, நீ மாமான்ற. ரெண்டு பேருமா சேந்து மறுபடி கத வுடறீங்களா?"

கையெழுத்து இன்னும் விழவில்லை. அவர் எழுந்து போய்விட்டால் எல்லாம் போச்சு. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அது சும்மா வாய் வார்த்தை சார். ஆட்டோக்காரரைக்கூட அண்ணன்னுதான் கூப்பிடறேன். இவர் வாடகை வாங்கறவர், அவ்வளவுதான்."

எஸ்.ஐ. சிரித்துவிட்டார். "சரி, போடுங்க கையெழுத்த" என்றார். சி படிவத்தை அன்றே பதியச் சொல்லி எச்சரித்து அனுப்பினார், வழக்கு எதுவும் போடவில்லை. மாமா கையெழுத்துப் போட்டார். நிமிர்ந்து என்னைப் பார்க்கவே இல்லை. வெளியே வந்ததும், "நான் மரக்காணம் பஸ்ஸ புடிச்சிக்கறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். கூப்பிட வாயெடுத்தேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றுவிட்டேன்.

இப்போது உங்களுக்குச் சில வார்த்தைகள். நான் வக்கீல் இல்லை. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், நீங்களே ஒரு முறை விசாரித்துக்கொள்ளுங்கள். வாடகைக்குப் போகுமுன் சி படிவத்தை வீட்டுக்காரர் பதிந்தே ஆக வேண்டும் என்று பேசிவிடுங்கள். அவருக்கு இணையம் பழக்கமில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து கூடமாட உதவுங்கள். நம்மைப் பார்த்தால் யாருக்கும் வெளிநாட்டவர் என்று தோன்றாது, அதுதான் நமக்கு ஆபத்து. அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் நீங்களே சொல்லி வையுங்கள். இங்கே பிறந்த பிள்ளைக்குப் பாஸ்போர்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள். நாங்கள் அடுத்த வாரமே விண்ணப்பித்தோம். மற்றபடி மரக்காணம் போகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் உப்பளத்துக்குப் போய்விடுங்கள், அதற்குமேல் வெயில் தாங்காது. குழந்தைக்குத் தொப்பி முக்கியம். சென்னை விரைவுப் பேருந்துகளை நம்பாதீர்கள்.

பத்து நாளில் ஓராண்டு நீட்டிப்பு வந்தது. குமரனிடம் சொல்வதற்கு முன்பே மரக்காணத்துக்குப் போன் செய்தேன். இந்த முறை முதல் மணியிலேயே எடுத்தார்.

"மாமா, விசா வந்துடுச்சு!"

"ரொம்ப சந்தோசங்க" என்றார். என்னை ஒரு நாளும் அவர் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. "அடுத்த வாரம் ஊருக்கு வரேன். புது அக்ரிமென்ட் ஒண்ணு போட்டுக்கலாம். வாடகைய அஞ்சாந்தேதிக்குள்ள குடுத்துடுங்க. இனிமே எல்லாம் முறைப்படி இருக்கட்டும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? நான் கேட்டதும் அதைத்தானே! போனை வைத்தேன். வருத்தமாகத்தான் இருந்தது, மிகவும் வருத்தமாக. ஆனால் மகனை மடியில் போட்டுக்கொண்டுதான் வருத்தப்பட்டேன்.