நீராவிக்குள் ஒரு முகம்

அப்பா இந்த ஊருக்குக் குடிவந்து இருபத்திரண்டு வருடங்கள். வாரத்தில் ஆறு நாள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் துவைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் படம் எடுப்பார். கூட வேலை செய்கிறவர்கள் அவரை ‘டைரக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள், பாதி கேலியாக. நடிகர்களும் அவர்கள்தான். முதல் படம் முழுக்க எங்கள் மாடிப்படியிலேயே நடந்தது. மேல்வீட்டுக்காரர் புகார் கொடுத்துவிட்டதால் கடைசிக் காட்சியில் யாரும் பேசமாட்டார்கள். இரண்டாவது படத்தை ஒரு நூலகத்தில் பதினோரு பேர் பார்த்தார்கள். அதில் நான்கு பேர் நாங்கள்.

நான்காவது ஆள் மாமா, அம்மாவின் தம்பி. அவருடைய விசா முடிந்து மூன்று வருடமாகிறது. ஒளிந்திருக்கிறார் என்று சொல்ல முடியாது, பேக்கரி வேலைக்குப் போய்வருகிறார். ஆனால் எதிர்பாராமல் அழைப்புமணி அடித்தால் முதலில் நான்காவது தட்டை எடுத்து மறைப்போம்.

மூன்றாவது படத்தில் தன் தம்பி வரக்கூடாது என்று அம்மா முன்பே சொல்லியிருந்தாள். வெளிச்சம் பார்க்க மட்டும் என்று அப்பா அவரைச் சலவைக்கூடத்து இஸ்திரி இயந்திரத்தின் முன் நிறுத்தினார். நீராவி விலக, அந்த முகம் மெல்லத் தெரிந்தது. பதினேழு வினாடி. அப்படி ஒன்றை அப்பா அதுவரை எடுத்ததில்லை. படத்தில் வைத்துவிட்டார்.

அந்தப் படம்தான் திரைப்பட விழாவுக்குத் தேர்வானது. அன்றைக்குத்தான் அம்மா அதை முழுதாகப் பார்த்தாள்.

“என் தம்பி மூஞ்சி அதுல இருந்தா நான் தியேட்டர் பக்கமே வரமாட்டேன். இந்த வீட்டுலயும் இருக்கமாட்டேன்.”

“விடுக்கா,” என்றார் மாமா. “என் மூஞ்சிய யாரு பாக்கப் போறா, தேடுறவங்களைத் தவிர?”

யாரும் சிரிக்கவில்லை. அப்பா பதினேழு வினாடிகளையும் வெட்டினார். மீதியை இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, துணி மடிக்க உட்கார்ந்தார். புதிய பிரதியை நான் விழாவுக்கு அனுப்பினேன். அப்பாவுக்கு இந்த ஊர் மொழி பேச வரும், எழுத வராது. கடிதங்களும் விண்ணப்பங்களும் என் பொறுப்பு.

விழாவின் முதல் நாள் மதியக் காட்சிக்கு மூவரும் கிளம்பினோம். மாமா வேலையில் இருந்தார். பஸ் நிறுத்தத்தில் அம்மா சட்டென்று நின்றாள். கண்ணாடிப் பெட்டிக்குள், ஆள் உயரப் போஸ்டரில், நீராவியிலிருந்து மாமா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே விழாவின் தேதிகள்.

விண்ணப்பத்தோடு படத்திலிருந்து ஒரு ஸ்டில் கேட்டிருந்தார்கள். இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்து, ஐந்து மாதத்துக்கு முன்னால் இணைத்தவள் நான். காட்சியை வெட்டியபோது அது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

அப்பா கண்ணாடியை நகத்தால் நெம்பிப் பார்த்தார். பூட்டியிருந்தது. தெருக்கோடி நிறுத்தத்திலும் அதே முகம். அம்மா என் போனைக் காட்டினாள். மாமாவை அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

“தெரியும்மா. கடைக்கு எதிர்லயே ஒட்டியிருக்காங்க. அத்தான்கிட்ட சொல்லு, நல்லா வந்திருக்கு.” குரல் தாழ்ந்தது. “ரெண்டு பேரு அது முன்னாடி ரொம்ப நேரமா நிக்கிறாங்க. இப்பத் திரும்பிக் கடையப் பாக்கிறாங்க.”

பேக்கரிக் கதவின் மணி எங்களுக்கும் கேட்டது. மாமா போனை எங்கோ கீழே வைத்தார், ஆனால் அணைக்கவில்லை. அப்பா என் கையிலிருந்த போனை வாங்கிக் காதோடு அழுத்திக்கொண்டார்.