சாவுக்கு நின்றவர்

எங்கள் ஊரில் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்பவரை எடைபோட ஒரே ஒரு கேள்விதான். சாவு வீட்டில் எத்தனை நேரம் நின்றார்? படிப்பை யாரும் விசாரிப்பதில்லை. சொத்து எல்லோருக்கும் தெரிந்ததுதான். மனு கொடுப்பதற்கு முன் கோயில் வாசலில் ஊர் கூடும். நிற்பவர் வாய் திறக்கக் கூடாது. அவர் வந்து நின்ற சாவு வீட்டுக்காரர் எழுந்து, அவரைப் பற்றிச் சொல்லி, வெற்றிலைமேல் எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அதற்குப் பிறகு மறுபேச்சு கிடையாது. வெளியூர்க்காரர்களிடம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

போன தேர்தலில் அப்படி எழுந்து நிற்கும் முறை எனக்கு வந்தது. தலைவருக்கு நின்றவர் தேர்வாய் கண்டிகை சிப்காட் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர். சாவு என் தம்பியுடையது.

அன்று கத்திரி வெயில். நான் களத்தில் நவரை நெல்லைக் காயவைத்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்குக் கான்ட்ராக்டரின் வேன் வீட்டு வாசலில் வந்து நின்றது. உள்ளே தம்பி கிடந்தான்.

"பஸ் ஸ்டாப்ல மயங்கி உழுந்துட்டான்ணா. இன்னிக்கி வேலைக்கே வரல. நான் பாத்து டாக்டராண்ட தூக்கினு போனேன். ஹார்ட் அட்டாக்குன்னுட்டாரு" என்று சொல்லி அழுதார். உண்மையாகவே அழுதார்.

விடியற்காலை ஐந்து மணிக்கு ஷிப்ட் பஸ் பிடிக்கப் போனவன் மத்தியானம் வரை பஸ் ஸ்டாப்பில் என்ன செய்துகொண்டிருந்தான்? எங்களில் ஒருவருக்காவது கேட்கத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவர் குனிந்து, தம்பியின் காலில் இருந்த கம்பெனி ஷூவைத் தன் கையாலேயே கழற்றியதைப் பார்த்து நாங்கள் உருகிப் போயிருந்தோம். பந்தல், மேளம், விறகு எல்லாவற்றுக்கும் அவரே ஓடினார். "ஆஸ்பத்திரிக்கி இட்டுகினு போனா அறுத்துக் கூறுபோட்ருவாங்கணா, முழுசா அனுப்பிரலாம்" என்றார். அதையும் நல்லதென்றே எடுத்துக்கொண்டோம். பொழுது சாய்வதற்குள் எரித்துவிட்டோம். பாடையின் முன்பக்கம் ஒரு தோள் அவருடையது.

பதினாறாம் நாள் காரியத்தன்று தம்பி மனைவிதான் கேட்டாள். "அந்த ஷூ எங்க மாமா?"

வீடு முழுக்கத் தேடினோம், இல்லை. கழற்றியவரே கையோடு எடுத்துப் போயிருக்கிறார். காரியத்துக்கு வந்திருந்த, தம்பியோடு வேலை செய்த கூட்டாளி ஒருவன் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான். அவனைத் தனியாக அழைத்துப் போய்க் கேட்டேன். தம்பி விழுந்தது கம்பெனிக்குள், உலைப் பக்கத்தில். அனல் தாங்காமல் விழுந்தவனை வெகுநேரம் நிழலில் போட்டு வைத்திருந்திருக்கிறார்கள். தம்பி உள்ளே போனதே வேறொருவருடைய கேட் பாஸில். கம்பெனி ரிஜிஸ்தரில் தம்பி பேரில் ஓர் ஆளே கிடையாது.

தம்பி மனைவியிடம் சொன்னேன். கத்தவில்லை. "அவரு அங்க வேலை செஞ்சாரு, அங்கதான் செத்தாருன்னு ஒரு காகிதம் வோணும் மாமா. வேற ஒண்ணும் வேணா" என்றாள்.

கான்ட்ராக்டரிடம் போனேன். மறுக்கவே இல்லை, அதுதான் அவர் சாமர்த்தியம். "லெட்டர் வாங்கித் தரேன்ணா, என் பொறுப்பு. எலக்‌ஷன் முடியட்டும். இப்போ பேஜார் பண்ணாதீங்க" என்றார்.

ஊர்க் கூட்டத்தில் என் பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். முதலில் வந்தார், கடைசியில் போனார், தோள் கொடுத்தார் என்று சொன்னேன். அத்தனையும் நிஜம். வெற்றிலையில் கற்பூரம் ஏற்றினார்கள். அப்போது பூசாரி, "நைனா, உன் தம்பி எங்க உழுந்தான்? ஊர்ல இன்னா இன்னாவோ பேசிக்கிறாங்கோ" என்று கேட்டார்.

கான்ட்ராக்டர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பெண்கள் பக்கம் தம்பி மனைவி முன்வரிசையில் இருந்தாள். உண்மையைச் சொன்னால் அந்தக் காகிதம் கிடைக்காது என்று கணக்குப் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"பஸ் ஸ்டாப்லதான்" என்று சொல்லிக் கற்பூரத்தை அணைத்தேன்.

உள்ளங்கை சுட்டது. அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டில் அவர் சின்னமான பூட்டு சாவிக்கு நேராக நானும் முத்திரை குத்தினேன். அவர் ஜெயித்தார். மாலையெல்லாம் வாடிய பிறகு தம்பி மனைவியைக் கூட்டிக்கொண்டு ஊராட்சி அலுவலகம் போனேன். அவர் எழுந்து நின்று வரவேற்று, டீ சொன்னார். லெட்டர் என்று ஆரம்பித்ததும் போனை எடுத்து என் பக்கம் திருப்பினார். வீடியோவில், கோயில் வாசலில் நான் நிற்கிறேன். "பஸ் ஸ்டாப்லதான்" என்கிறேன். கை இறங்குகிறது, கற்பூரம் அணைகிறது.

"கம்பெனில எவனோ புகார் எழுதிப் போட்டு விசாரணை வந்துச்சுணா. இதத்தான் காட்டுனேன், முடிச்சுட்டாங்கோ. சொந்த அண்ணனே சத்தியம் பண்ணிக்கிறாரு, இனிமே இன்னா லெட்டர்?" குரலில் கோபமே இல்லை. தோளில் கைகூட வைத்தார்.

புகார் எழுதியவன் அந்தக் கூட்டாளியாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு இல்லாத துணிச்சல் அவனுக்கு இருந்திருக்கிறது.

வெளியே வந்து வண்டியை எடுத்தேன். அவள் ஏறவில்லை, நடந்தாள். நானும் வண்டியைத் தள்ளிக்கொண்டே பின்னால் போனேன். பஸ் ஸ்டாப் வந்ததும் நின்றாள். சிமெண்ட் பெஞ்சு, மேலே தகரக் கூரை, தூணில் பூட்டு சாவி போஸ்டர். கல்லூரிப் பெண்கள் இருவர் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள்.

"எந்த எடத்துல உழுந்தாரு மாமா?" என்றாள். "காட்டுங்க."