மாடி அறையில் வந்த வாசம்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மார்ச் மாதம். பாலக்காட்டிலிருந்து கொல்லங்கோடு போகும் வழியில் இருக்கிறது எங்கள் ஊர். என் கணவர் மௌத்தாகி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. நான் இத்தாவில் இருந்தேன். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பது எங்கள் மார்க்கத்தில் உள்ளது. வெள்ளைச் சேலை, நகை கிடையாது, வெளி ஆண்கள் முன்னால் வருவதில்லை. எனக்கு அது பாரமாகத் தெரியவில்லை. வெளியே போய்ப் பார்க்க எனக்கு யார் இருந்தார்கள்?

அவர் பெயிண்டும் பைப்பும் விற்கும் கடை வைத்திருந்தார். மற்ற ஆண்களுக்குச் சீட்டு, சிகரெட்டு என்று ஏதாவது ஒன்று இருக்கும். இவருக்கு ரிமோட்டில் பறக்கும் விமானம். பொம்மை என்று சொல்லிவிட்டால் ரோஷம் வந்துவிடும். ஃபோம் அட்டையை வெட்டி, ஒட்டி, இழைத்து, என் கை இரண்டையும் விரித்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு இறக்கை வைத்து அவரே கட்டியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் தூக்கிக்கொண்டு கொய்து முடிந்த வயலுக்குப் போய்விடுவார். அதை என் சக்களத்தி என்றுதான் சொல்வேன். "உன்னை மாதிரி இல்ல, இது சொன்ன பேச்சுக் கேக்கும்" என்பார்.

அந்தச் சக்களத்திக்கு அவர் வைத்திருந்த சட்டதிட்டங்கள் எனக்கு மனப்பாடம். ரிமோட்டை முதலில் போட வேண்டும், கடைசியில்தான் அணைக்க வேண்டும். மாறிப் போனால் முன்னால் இருக்கும் விசிறி தானாகச் சுற்றி விரலை வாங்கிவிடும். காற்றுக்கு எதிரே நின்றுதான் ஏற்ற வேண்டும். எங்கள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மரத்துக்குப் பின்னால் சுழித்து அடிக்கும், அந்தப் பக்கம் தாழப் பறக்கவே கூடாது. வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் இறக்கையைத் துடைத்து ஒவ்வொரு திருகாணியாகத் தொட்டுப் பார்ப்பார். எனக்குக் காய்ச்சல் வந்தால்கூட நெற்றியை இத்தனை கவனமாகத் தொட்டதில்லை.

எல்லாவற்றையும் விடக் கண்டிப்பு பேட்டரி விஷயத்தில். வெள்ளிக் காகிதத்தில் சுற்றிய சோப்புக் கட்டி போல இருக்கும். மொபைல் பேட்டரிக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக்கச் சார்ஜ் ஏற்றியதில் பச்சை டேப், பறந்து தீர்ந்ததில் சிவப்பு டேப் ஒட்டுவார். மழை வந்து பறக்க முடியாமல் போனால் பச்சையை அப்படியே எடுத்து வைக்க மாட்டார். சார்ஜைப் பாதியாக இறக்கித்தான் வைப்பார். வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்தால் நமக்கே ஊதுகிறது, அதற்கு ஊதாதா என்பார். நான் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நான்கு பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினார். மூன்று, பச்சை டேப்போடு மேசையில் வரிசையாக இருந்தன. நான்காவதை விமானத்தின் வயிற்றுக்குள் வைத்து, இறக்கைக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்துத் தூக்கி, எடை சமமாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் டீயோடு மேலே போனேன். நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது, கேஸாக இருக்கும் என்றார். விமானத்தை மெதுவாகக் கட்டிலில் வைத்தார். பாலக்காட்டு ஆசுபத்திரிக்குக் காரில் போனவர் உயிரோடு திரும்பவில்லை. அவர் விமானத்தோடு கிளம்ப வேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நான் அந்த மாடி அறையைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். அவர் வைத்தது வைத்தபடி இருக்க வேண்டும். டீ கிளாஸைக்கூட எடுக்க விடவில்லை. மேலே தகரக் கூரை. பங்குனி வெயிலில் அந்த அறை அடுப்பு மாதிரி காயும். அடுத்த அறையில் என் மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மாடிக்கு ஒரே படிக்கட்டு, அது அவருடைய அறைக் கதவை ஒட்டித்தான் இறங்கும்.

தினமும் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு அந்த அறையில் போய் உட்காருவேன். ஒரு மாதம் ஆனபோது அங்கே ஒரு வாசம் வர ஆரம்பித்தது. லேசாக, இனிப்பாக. அவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பூசும் அத்தரோ என்று பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். அது இல்லை. பழுத்த பழத்தின் வாசம் மாதிரி இருந்தது. நல்லடியார்கள் இருந்த இடத்தில் வாசம் வீசும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். என் வீட்டுக்காரர் அவ்வளவு பெரிய அடியார் ஒன்றும் இல்லை. இறக்கை ஒட்டுகிறேன் என்று நடுச்சாமம் வரை விழித்திருந்து விடிகாலை சுபுஹுத் தொழுகையைக் கோட்டை விட்டவர்தான். ஆனாலும் நான் நம்பினேன். நம்ப வேண்டியிருந்தது.

வாசம் வெளியே போய்விடக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தினேன். கதவடியில் துண்டைச் சுருட்டி வைத்தேன். நாளுக்கு நாள் வாசம் கூடியது. உள்ளே உட்கார்ந்தால் தலை வலித்தது, அழுததால் வந்த வலி என்று நினைத்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆளுக்கு ஆள் வந்து பங்கு போட்டுக்கொள்வார்கள் என்று பயம். அந்த வீட்டில் எனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

இதற்கிடையில், அவரோடு வயலில் விமானம் விடும் ஒருவர் என் கொழுந்தனுக்குப் போன் செய்திருக்கிறார். கொழிஞ்சாம்பாறை பக்கத்துக்காரர், மோட்டார் பம்ப் ரிப்பேர் பார்க்கிறவர். நான் அவரை முன்பின் பார்த்ததில்லை. அந்த பேட்டரிகளை உடனே எடுக்க வேண்டும், ஒன்று அடிபட்டது என்று சொன்னாராம். என் கொழுந்தன் நல்ல பிள்ளை, ஆனால் அண்ணனைப் பறிகொடுத்த சூட்டில் இருந்தான். இத்தா முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிட்டான். அந்த ஆள் நேரிலும் வந்தார். வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டான். "கபுர் மண்ணு ஈரம் காயல, அதுக்குள்ள பிளேனைக் கேட்டு வந்துட்டான்" என்று வந்து சொன்னான். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று வருகிறானே என்று நான் சொன்ன பழமொழியை இன்று நினைத்தாலும் வாய் கசக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஆண்கள் எல்லாம் ஜும்ஆவுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நானும், என் கணவரைப் பெற்ற மாமியும், மகளும் மட்டும். அந்த ஆள் மறுபடியும் வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு கூப்பிட்டார். நான் உள்கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். மாமி திரையை விலக்கி, ஆண்கள் இல்லாத நேரத்தில் வரலாமா என்று கேட்டார்.

"தப்புத்தானுங்க. அவங்க இருந்தா என்னையப் பேச உட மாட்டீங்கறாங்க. நான் எதையும் எடுத்துட்டுப் போக வரலைங்க. ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. பேட்டரில ஒட்டியிருக்கறது பச்சை டேப்புங்களா, சிவப்புங்களா?"

அந்த டேப் விஷயம் எங்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். என்னை அறியாமல் கதவுக்குப் பின்னாலிருந்து "பச்சை" என்றேன்.

அவர் கேட்டை இன்னும் நெருங்கி வந்தார். பிறகு கேட்டார்.

"ஏனுங்க அக்கா, அந்த ரூமுல இனிப்பா ஏதாச்சும் மணக்குதுங்களா? பழம் அழுகுன மாதிரி?"

யாரிடமும் சொல்லாதது இவருக்கு எப்படித் தெரியும்? அப்படி நினைத்த மறுகணமே, அது பேட்டரியிலிருந்து வரும் வாசம் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அப்படியும் நான் "இல்லை" என்றேன். உண்டு என்று சொன்னால் என் கணவர் இரண்டாம் தடவையும் போய்விடுவார் என்று தோன்றியது.

மாமி திரும்பி என்னைப் பார்த்தார். "மணக்குதே புள்ள. தெனமும் உன் சேலையில மணக்குதே. நானே கேக்கணும்னு இருந்தேன்."

மேலே யார் இருக்கிறார்கள் என்று வெளியே நின்றவர் கேட்டார். மகள் தூங்குகிறாள் என்றார் மாமி. முதலில் அவளைக் கீழே கொண்டுவரச் சொன்னார். நான் படியேறி ஓடினேன். அந்தக் கதவைத் தாண்டும்போது வாசம் தொண்டையில் இறங்கியது. மகளை உலுக்கி எழுப்பி, செருப்புகூடப் போட விடாமல் இழுத்துக்கொண்டு வந்தேன். என்னம்மா, என்னம்மா என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

கீழே மாமி கையை நீட்டினார். "சாவியைக் குடு. உசுருன்னு வந்துட்டா மார்க்கத்துல எல்லாம் கூடும்." முடிச்சு எனக்கு அவிழவில்லை. மாமியே அவிழ்த்து, அவரை உள்ளே கூப்பிட்டுக் கொடுத்தார்.

மதில் பூசுவதற்கு இறக்கிய மணல் முற்றத்தில் கிடந்தது. வாளியில் மணலை அள்ளிக்கொண்டு அவர் மேலே போனார். மூன்று பேட்டரியையும் மணலுக்குள் புதைத்துக் கொண்டுவந்து மதில் ஓரம் வைத்தார். சோப்புக் கட்டி மாதிரி இருந்தவை, தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கண்ணில் படாமலே, தலையணை மாதிரி ஊதியிருந்தன. திரும்ப விமானத்துக்காக ஏறினார். நான் கீழே இருந்து, அதைக் கலைக்காதீர்கள், அவர் வைத்த மாதிரியே இருக்கட்டும் என்று சொன்னேன். இப்படி ஒரு நேரத்திலும் அதைத்தான் சொன்னேன்.

விமானத்தின் வயிற்றில் இருந்ததுதான் அடிபட்ட பேட்டரி. அது ஊதி உள்ளே இறுகிப்போயிருந்ததாம். வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் கீறவில்லை, முழுசாகவே தூக்கிக்கொண்டு வந்தார். பாதிப் படியில் சீறும் சத்தம் கேட்டது. வெள்ளைப் புகை கிளம்பியது. அங்கேயே போட்டிருக்கலாம். படிக்குக் கீழே நாங்கள் மூன்று பேரும் நின்றிருந்தோம். அதனால் போடவில்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எங்களைக் கடந்து ஓடினார். வாசல்படி தாண்டும்போது தீ பீய்ச்சி அடித்தது. முற்றத்து மணலில் போட்டுவிட்டு விழுந்தார்.

இறக்கை சுருண்டு உருகியது. என் கணவர் மூன்று மாதம் இழைத்து இழைத்துக் கட்டியது, ஒரு துஆ ஓதி முடிப்பதற்குள் கரிக்கட்டியாகிவிட்டது. நான் முற்றத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வெளி ஆணுக்கு முன்னால், வெயிலில் நிற்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. மகள் அவருடைய கையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் கழன்றிருந்தது. அவர் தன் கையைப் பார்க்கவில்லை. கரியான விமானத்தைப் பார்த்து அழுதார்.

"அண்ணன் போறதுக்கு முந்துன வாரம் பிளேன் கீழ குத்தி அடிபட்டப்பவே நான் அந்த பேட்டரியைப் புடுங்கி எறிஞ்சிருக்கோணும். அவரு மனசு நோகுமேன்னு உட்டுட்டனுங்க."

பள்ளிவாசலில் இருந்து வந்த கொழுந்தன் கேட்டருகிலேயே நின்றுவிட்டான். யாரும் எதுவும் விளக்கத் தேவையிருக்கவில்லை. அவரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போனான். அன்று ராத்திரி முழுக்க அங்கேயே இருந்தான்.

புண் ஆறிவிட்டது. ஆனால் தோல் இழுத்துக்கொண்டதில் அவருடைய இடது கட்டைவிரல் சரியாக மடங்குவதில்லை. ரிமோட்டில் இரண்டு கட்டைவிரலும் வேண்டும். அவர் இப்போது விமானம் விடுவதில்லை. இத்தா முடிந்தபின் மனைவியோடு வந்திருந்தபோது நான் திரைக்குப் பின்னால் நிற்கவில்லை. வயிற்றைக் கீறியிருந்தால் கை தப்பியிருக்குமா என்று நேராகவே கேட்டேன். கீறினால் அங்கேயே பற்றியிருக்கலாம் என்றார். எனக்கு ஆறுதலுக்காகச் சொன்னாரா, உண்மையா என்று தெரியவில்லை. இரண்டாம் முறை கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி விமானம் விட்டால், அவர்கள் பேட்டரி பற்றிச் சொல்வதை இரண்டு காதிலும் வாங்கி வையுங்கள். அவர்கள் இல்லாமல் போனால், வேறு எதைத் தொடாவிட்டாலும் அதைத் தொட்டு வெளியே எடுத்துவிடுங்கள். இறந்தவர் வைத்ததை அப்படியே வைத்திருப்பது பாசம் என்று நினைத்து, அவர் பெற்ற பிள்ளையை நெருப்புக்குப் பக்கத்தில் படுக்க வைத்திருந்தவள் சொல்கிறேன்.

மாதாமாதம் வரும் தொழுகை இல்லாத நாட்களில் என் மகள் நகத்துக்குப் பாலிஷ் போடுவாள். பாட்டிலைத் திறந்ததும் கிட்டத்தட்ட அதே வாசம் வரும். மூன்று வருடம் ஆகியும், முதலில் என் வீட்டுக்காரர்தான் வந்துவிட்டார் என்று நெஞ்சு ஒரு துள்ளு துள்ளுகிறது. அப்புறம் எழுந்து போய் வீட்டில் உள்ள எல்லா ஜன்னலையும் திறந்து வைக்கிறேன்.