நல்ல சட்டைகளை ஒதுக்கியவள்

தன் புத்தியையே நம்ப முடியாமல் போனவள், எந்தப் புத்தியைக் கொண்டு ஒரு முடிவை எடுப்பாள்?

சட்டை தைக்கும் ஆலையில் அவள் பதினெட்டு வருடம் செக்கிங் மேசையில் நின்றவள். விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை, கோணிய காலர் என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிடுவாள். ஒருநாள் மதியத்துக்குள் கூடை நிரம்பிவிட்டது. சூப்பர்வைசர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னக்கா, எல்லாம் நல்ல சட்டையா இருக்கு? முதலாளி மேல உள்ள கோபத்த சட்டை மேல காட்டுறீங்களா?"

"கறை தெரியல? உன் கண்ணு என்ன நொள்ளையா?"

கறை எதுவும் இல்லை.

லூபஸ் என்ற நோய் வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. மூட்டுவலிக்கும் கன்னத்துச் சிவப்புக்கும் மாத்திரை விழுங்கிப் பழகியிருந்தாள். அது மூளைக்கும் போகும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். கறைகள் மறைந்தன, முகம் உப்பியது, தூக்கம் போயிற்று. மருந்தைக் குறைத்ததும் கறைகள் திரும்பின. இப்படியே ஒரு வருடம் ஓடியது.

"உடம்பக் காப்பாத்த வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உங்க உடம்ப அந்நியம்னு நெனச்சு அடிக்குது," என்றார் டாக்டரம்மா.

"நான் சட்டைக்குப் பண்ணின மாதிரியா?"

"கிட்டத்தட்ட." அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு வழி இருக்கு. எதிர்ப்புச் சக்தி மொத்தத்தையும் அடக்குற பழைய மருந்து. கிருமி தொத்துற பயம் ஜாஸ்தி, ஆனா ரொம்ப வருஷமா பார்த்தது. இன்னொண்ணு புதுசு, உடம்ப அடிக்கிற எதிர்ப்பொருளச் செய்யுற அணுக்கள மட்டும் குறிவைக்கிறது. மூளைக்கு எவ்வளவு கேக்கும்னு உறுதியா சொல்ல முடியாது. தெளிவா இருக்கற நாள்ல வந்து சொல்லுங்க."

வீட்டில் கணவர் சொன்னார்: "பழசே போதும். இந்த நெலமையில நீ ஏன் மண்டைய உடைச்சுக்கற? நான் சொல்லிடறேன்."

"ஒரு செருப்பு வாங்க மூணு கடை ஏறி எறங்கற ஆளு நீங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ளவும் தெம்பு வேண்டும்.

அடுத்த திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அவள் மட்டும் உள்ளே போனாள். வந்தபோது கையிலிருந்த தாளில், புதிய மருந்தின் பெயருக்குக் கீழே, அவள் கையெழுத்து இருந்தது.

"ஏன் இத எடுத்த?" என்று கேட்டார்.

பஸ் வருகிறதா என்று பார்க்கச் சொன்னாள். பிறகு எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். அவள் சொன்னதே இல்லை.